பதினேழாம் இலக்கப் படம்

யாழ்ப்பாணத்தில் என் முதல் கோபம் காப்பியின் மேல். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காமல் வந்து சேர்ந்தவனுக்கு, மல்லியும் சுக்கும் இடித்துப் போட்ட ஒரு கறுப்புத் திரவத்தைக் கோப்பை நிறையக் கொடுத்தார்கள். "கோப்பி எப்பிடி?" என்று கேட்டார் வீட்டுக்காரர் சிவபாதம். "கஷாயம் நன்றாக இருக்கிறது" என்றேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு, இன்னொரு கோப்பை கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார்.

அது 1983இன் தொடக்கம். சென்னையில் ஓர் ஓவியப் பள்ளியில் நிலக்காட்சி ஓவியம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். மானிப்பாயில் சித்திர ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு போட்டி வைத்திருந்தார்கள். குடாநாட்டுக் காட்சி எதையாவது நேரில் கண்டு வரைய வேண்டும் என்பது விதி. நடுவர்கள் இருவர். வெளியாள் இருந்தால் வம்பு வராது என்று அழைக்கப்பட்டவன் நான். மற்றவர் செயலாளர் சிவபாதமே. நில அளவை அலுவலகத்தில் முப்பது வருஷம் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அதில் வடக்கு எது என்று தேடுகிற மனிதர்.

சாப்பாட்டில் அடுத்த சிக்கல். சிவபாதத்தின் மனைவி என் தட்டில் புட்டை மலைபோல் குவித்துவிட்டு, "காணுமோ?" என்று கேட்டார். எதையோ தேடச் சொல்கிறார் என்று நினைத்துத் தட்டைச் சுற்றிப் பார்த்து, "ஒன்றையும் காணவில்லையே" என்றேன். உடனே இன்னொரு குழல் புட்டு விழுந்தது. அந்த ஊரில் 'காணும்' என்றால் போதும் என்று அர்த்தம், 'காணாது' என்றால் போதாது. அதைத் தெரிந்துகொள்வதற்குள் என் வயிறு கல்லாகிவிட்டது. ஒரே மொழி பேசுகிற இடத்துக்குப் போகிறோம் என்று யாரோ எனக்குத் தைரியம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மறுநாள் வாசிகசாலை மண்டபத்தில் படங்களைப் பார்க்க உட்கார்ந்தோம். முப்பத்திரண்டு படங்கள். வரைந்தவர் பெயர் கிடையாது. இலக்கம், தலைப்பு மட்டும். பாதிக்குமேல் கோயில் கோபுரங்கள். மீதியில் சூரியன் எல்லாம் பனைமரத்துக்குப் பின்னால்தான் அஸ்தமித்தது. "வடிவாய்ப் பாருங்கோ, வடிவாய்ப் பாருங்கோ" என்று சிவபாதம் சொல்லிக்கொண்டே இருந்தார். அழகாகப் பார்ப்பது எப்படி என்று எனக்கு எரிச்சலாக வந்தது. கவனமாகப் பார் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்களாம்.

பதினேழாம் இலக்கம் ஒரு பலகைத் துண்டில் கப்பல் பெயின்ட் போன்ற ஏதோ ஒன்றால் தீட்டப்பட்டிருந்தது. தலைப்பு 'விடியப்புறம்'. மற்ற முப்பத்தொன்றிலிருந்தும் அது விலகி நின்றது என்பதை அப்போதே ஒப்புக்கொண்டேன். படத்தின் கீழ் முக்கால் பங்கும் செம்மண் நிறத்தில் உழுத நிலம். அதற்கு மேலே பனைகளும் கூரைகளுமாக ஒரு மெல்லிய இருண்ட கோடு. வலப்பக்கம் சீமெந்து ஆலையின் புகைபோக்கி, அதிலிருந்து சாய்ந்து போகும் புகை. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வந்தது. இடது கீழ் மூலையில் வரப்பு ஒன்று வில்லாக வளைந்து ஓடியது.

"செம்பாட்டுத் தோட்டம்" என்றார் சிவபாதம். "வசாவிளான் பக்கம். ஆனால் உதைப் பாருங்கோ, உப்பிடி உழுதவனை மாட்டோடை சேர்த்துக் கட்டவேணும்."

'உதை' என்றால் இதை என்று அர்த்தம். அவர் சொன்னது சரிதான். உழவுச் சால்கள் நம்மிடமிருந்து விலகிப் போகப்போக ஒரு புள்ளியை நோக்கி நெருங்க வேண்டும். என் மாணவர்களுக்கு முதல் வாரமே சொல்கிற பாடம். இந்தப் படத்திலோ சால்கள் குறுக்கே கிடந்தன, ஒன்றையொன்று முட்டின, பாதியில் அறுந்தன. இந்த அளவுக்கு வண்ணம் தெரிந்த ஒருவர் கோட்டில் இப்படித் தவறுவாரா?

"அதோடை புகைக்குழாய் பிழையான பக்கம் நிக்குது" என்றார் சிவபாதம். "தோட்டத்திலை நிண்டு வடக்குப் பாத்தால் ஆலை மேற்கை, இடக்கைப் பக்கம் வரவேணும். விடியக்காலமைச் சூரியன் வலக்கைப் பக்கம். இதிலை எல்லாம் மாறி."

அந்த இடத்தில்தான் என் புத்திசாலித்தனம் விழித்துக்கொண்டது. புகைப்படச் சிலைடு ஒன்றை இடவலம் மாற்றிச் சுவரில் பாய்ச்சி, அதன்மேல் வரைந்திருக்கிறார்கள் என்றேன். எல்லாம் பொருந்தியது. சிவபாதம் தொடையில் தட்டினார். மதிப்பெண் தாளில் எழுதினேன்: 'நேரில் கண்டு வரைந்ததல்ல. இடவலம் மாறிய புகைப்படத்தின் பிரதி.' எழுதி முடித்தபோது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

அந்தத் தாள் கோப்புக்குள் போகும் என்று நினைத்தேன். மறுநாள் கண்காட்சி திறந்தபோது, என் கையெழுத்தோடு அது பதினேழாம் இலக்கப் படத்துக்குக் கீழே குத்தப்பட்டிருந்தது. "சனம் படிக்கட்டும். இந்தியாவிலையிருந்து வந்தவரின்ரை விளக்கம்" என்றார் சிவபாதம். எடுக்கச் சொன்னேன். "பேந்து எடுப்பம்" என்றார். பேந்து என்றால் பிறகு. அது எந்தப் பிறகு என்பதை யாரும் சொல்வதில்லை.

பதினொரு மணிவாக்கில் ஒரு பெண் உள்ளே வந்தாள். முப்பது வயதிருக்கும், கழுத்தில் சிலுவை, பஸ்ஸில் நின்றே வந்த களைப்பு. நேரே அந்தப் படத்திடம் போய்த் தாளைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள். பிறகு மண்டபம் முழுவதும் கேட்கும்படி கேட்டாள்: "உதை எழுதினது ஆர்?"

சிவபாதம் என்னைக் காட்டினார்.

"நான் ரெஜினா. மயிலிட்டி. உந்தப் படம் என்ரை மனுசன் அன்ரன் கீறினது. மீன்பிடிப் போட்டுக்கும் துறைமுகக் கட்டுக்கும் நடுவிலை கால் நசிஞ்சு, ஆறு மாதமாய் வீட்டோடை கிடக்கிற மனுசன். உந்தப் படத்தை ஒரு மாதமாய்க் கீறினவர். நீங்கள் களவெண்டு எழுதிப் போட்டியள்."

"களவு என்று எழுதவில்லை. பிரதி என்றுதான்…"

"எங்களுக்கு உது ரண்டும் ஒண்டுதான். எங்கடை பள்ளிக்கூடத்திலை சித்திரம் படிப்பிக்க ஆள் இல்லை. இந்தப் படத்துக்கு ஒரு நல்ல சொல் எழுதி வாங்கிக்கொண்டு வந்தால் அவரை எடுக்கிறன் எண்டு அதிபர் மதர் சொன்னவ. இனி அவருக்குக் கடல் இல்லை. உந்தக் கடதாசியையோ நான் மதரிட்டைக் கொண்டு போறது?"

நான் பொறுமையாக விளக்கினேன். புகைபோக்கி, சூரியன், சால்கள் எல்லாவற்றையும். என் குரல் வகுப்பறைக் குரலாகிக்கொண்டிருந்தது எனக்கே கேட்டது. அவள் பாதியில் கையைக் காட்டி நிறுத்தினாள். "எனக்கு உது ஒண்டும் விளங்கேல்லை. வந்து அவரைக் கேளுங்கோ. வாறியளோ, இல்லையோ?"

வருகிறேன் என்றேன். மனம் இளகியதால் அல்ல. அந்தச் சிலைடை அவன் வீட்டிலேயே கண்டுபிடித்துக் காட்ட வேண்டும் என்ற பிடிவாதத்தில்.

பஸ் ஒரு மணி நேரம் வரவில்லை. வந்தபோது அதற்குள் ஆட்கள் போக மூன்று ஆடுகளும் இருந்தன. வழியில் இராணுவத்தினர் நிறுத்தி ஏறினார்கள். ஒருவர் என் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் என்னவோ கேட்டார். என்ன வேலையாக வந்திருக்கிறாய் என்று கேட்கிறார் என்றார் கண்டக்டர். படம் பார்க்க என்றேன். "அவர் எந்தத் தியேட்டர் எண்டு கேக்கிறார்" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது. ரெஜினா மட்டும் சிரிக்கவில்லை.

தெல்லிப்பழையில் பஸ் படுத்துவிட்டது. ரெஜினா வழியில் போன இரண்டு சைக்கிள்காரர்களை உரிமையோடு நிறுத்தினாள். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டவர் மிதித்தபடியே விசாரித்தார். "படம் கீறிறதுக்கும் அங்கை பள்ளிக்கூடம் இருக்கோ?" இருக்கிறது, ஐந்து வருஷம் என்றேன். "ஐஞ்சு வருஷமோ!" என்று திரும்பிப் பார்த்ததில் சைக்கிள் கல்லில் ஏறி இருவரும் வேலியில் சாய்ந்தோம். முழங்கையில் தோல் உரிந்தது. சென்னையில் ஆட்டோக்காரர்களைத் திட்டிய நாட்களை நினைத்து வருந்தினேன்.

அன்ரன் வீட்டு முன்னறையில் சாய்கதிரையில் உட்கார்ந்திருந்தார். வலது காலை மீன்பெட்டி ஒன்றின்மேல் நீட்டியிருந்தார். பக்கத்தில் பெயின்ட் டின்கள். படகுக்கு அடித்து மிச்சமான பெயின்ட் என்று பார்த்ததும் தெரிந்தது. ரெஜினா நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் கொட்டினாள். அவர் கோபப்படவில்லை. என்னைக் குழப்பத்தோடு பார்த்தார்.

"எந்தத் தோட்டம்?" என்றார்.

"நீங்கள் வரைந்த தோட்டம். செம்மண், உழவுச் சால்."

"நான் தோட்டம் கீறேல்லையே. அது கடல்."

 ரெஜினா தலையில் கையை வைத்துக்கொண்டாள்.

"கடல் எப்படிச் சிவப்பாக இருக்கும்?" என்றேன். அது கேள்வி அல்ல, தப்பிக்கிற வழி.

"விடியப்புறம் நிலம் வெளிக்கேக்கை போட்டிலையிருந்து கரையைப் பாத்தால் அப்பிடித்தான் இருக்கும். நீலப் பெயின்ற்தான் என்னட்டைக் கூட இருந்தது. போடேல்லை. நீலமாய் இருக்கேல்லையே." பிறகு தயக்கத்தோடு சொன்னார்: "காலமை மச்சான் வலை எடுக்கப் போறான். விருப்பமெண்டால் போய்ப் பாருங்கோ."

சிலைடு எதுவும் இல்லை. அந்த வீட்டில் மின்சாரமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அன்றிரவு அங்கேயே தங்கினேன். மறுநாள் ரெஜினாவின் தம்பி யேசுதாசன் இருட்டோடு என்னை வள்ளத்தில் ஏற்றினார். கரையை விட்டுச் சிறிது தூரம் போவதற்குள் முந்தின நாள் மீன்குழம்பு என் தொண்டைக்கு வந்துவிட்டது. "கரையைப் பாத்துக்கொண்டிருங்கோ, பிரட்டாது" என்றார். பார்த்தேன். பிரட்டியது. அவர் சலனமில்லாமல் வலையை இழுத்துக்கொண்டிருக்க, நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் தலையைத் தொங்கப்போட்டேன்.

வலை ஏறிய பிறகு வள்ளம் கரைப்பக்கம் திரும்பியது. கிழக்கு வெளுத்தது. நான் விளிம்பில் கன்னத்தை வைத்தபடி கண்ணைத் திறந்தேன். கண்ணுக்கு மிக அருகே பழுப்பு நிறத்தில் ஒரு மரப் பலகை வில்லாக வளைந்து முன்னால் ஓடியது. எங்கேயோ பார்த்த வளைவு. நான் வரப்பு என்று முடிவுகட்டியிருந்த வளைவு.

தலையைத் தூக்கினேன். இடது கைப் பக்கம் சூரியன் இன்னும் முழுதாக எழும்பவில்லை. வெளிச்சம் தண்ணீரின்மேல் படுக்கையாக வந்தது. ஒவ்வொரு சிற்றலையும் ஒரு பக்கம் செம்பாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் குறுக்கே கிடந்தது; ஒன்றையொன்று முட்டியது; பாதியில் அறுந்தது. அதற்கப்பால் கரை ஒரு மெல்லிய கோடு. நாங்கள் தெற்கே பார்த்துக்கொண்டிருந்ததால் புகைபோக்கி வலது கைப் பக்கம், அது இருக்க வேண்டிய இடத்தில், நின்றது.

இருபது வருஷமாக நிலக்காட்சி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு படத்தின் முன்னால் நின்றதும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வரைந்தவர் எங்கே நின்றார் என்பது. அதைப் பலகையில் எழுதிப் போடுவேன். அன்று நானும் சிவபாதமும் எங்கள் கால் நிலத்தில் இருந்ததால் அவருடைய காலும் நிலத்தில்தான் இருக்கும் என்று முடிவு செய்துவிட்டோம்.

"என்ன, படம் சரியோ?" என்று கேட்டார் யேசுதாசன். சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி விளிம்புக்கே குனிய வேண்டியதாயிற்று.

கரையில் ரெஜினாவிடம் தப்பை ஒப்புக்கொண்டு, பரிசளிப்பு விழாவுக்கு வரச் சொல்லிவிட்டு அவசரமாகப் புறப்பட்டேன். அன்ரன் அப்போதுதான் கால்வலி தணிந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

மானிப்பாய்க்குத் திரும்பியதும் தாளைக் கிழித்தேன். சிவபாதத்திடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரு துண்டுக் காகிதத்தில் வடக்கு தெற்குப் போட்டு, கடலை மேலே வைத்து, படகைக் குறித்து, கோடிழுத்துப் பார்த்தார். "ஓம், கணக்குச் சரிதான்" என்றார். எனக்கு உயிர் வந்தது. "ஆனால் பரிசு குடுக்கேலாது" என்றார்.

"ஏன்?"

"விதி. நேரிலை கண்டு கீறவேணும். கட்டிலிலை கிடந்து கீறினது நேரிலை கண்டதோ?"

"இத்தனை வருஷம் தினமும் கண்டவர் ஐயா!"

"தினமும் கண்டவர். கீறேக்கை காணேல்லை."

இரண்டு மணி நேரம் கத்தினேன். இடையில் இரண்டு முறை மல்லிக் கோப்பி வந்தது, இரண்டையும் குடித்தேன். சான்றிதழில் பெயர்கள் எழுதி முடிந்துவிட்டன என்றார். பிரதம விருந்தினருக்குச் சொல்லியாயிற்று என்றார். கடைசியில், முதற் பரிசு கோபுரப் படத்துக்கே போகட்டும், பதினேழுக்கு ஓர் ஆறுதல் பரிசு என்ற அளவில் இறங்கி வந்தார். மேடையில் என்னைப் பேசவிட வேண்டும் என்று நானும் பிடித்த பிடியை விடவில்லை.

மறுநாள் மாலை பரிசளிப்பு. நான் படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இது உழுத நிலமல்ல, கடல்; பிரதி என்று எழுதியது என் தவறு; இந்தக் கண்காட்சியில் தான் நின்ற இடத்தைத் தெரிந்து வரைந்தவர் இவர் ஒருவரே என்று சொன்னேன். கோபுரம் வரைந்தவர்கள் முகம் மாறியது. சபையிலிருந்து ஒருவர் எழுந்து, "அப்ப உந்தக் கடலுக்குள்ளை ஏன் மீன் இல்லை?" என்று கேட்டார். பதில் சொல்லிப் பயனில்லை என்று உட்கார்ந்துவிட்டேன்.

ரெஜினா வந்திருந்தாள். கூட்டம் கலைந்ததும் பக்கத்தில் வந்தாள். நன்றி சொல்லப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்கள் சொன்னது இஞ்சை எல்லாருக்கும் கேட்டுது. மயிலிட்டிக்குக் கேக்கேல்லை. நான் போய்ச் சொன்னால் அவர் நம்பமாட்டார், ஆறுதலுக்குச் சொல்லுறன் எண்டு நினைப்பார். நீங்கள் வந்து சொல்லுங்கோ."

"நாளைக் காலை எனக்கு ரயில்."

"அடுத்த ரயிலும் ஓடும்தானே?"

எனக்கு வந்த எரிச்சலில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது. உரிந்த முழங்கை, பிரட்டிய வயிறு, அந்த பஸ். ஆனால் அவள் சொன்னதில் மறுக்க எதுவும் இல்லை. ஊரறிய எழுதி அவமானப்படுத்தியவன், தூங்குகிற மனிதரைச் சாக்காக வைத்துத் திரும்பி வந்திருக்கிறேன்.

மறுநாள் ரயில் போகும் நேரத்தில் நான் மயிலிட்டியில் அன்ரனுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ரெஜினா படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுச் சமைக்கக் குசினிக்குள் போய்விட்டாள். மன்னியுங்கள் என்றேன். "பரவாயில்லை" என்றார். மதருக்கு ஒரு பக்கம் நிறைய எழுதிய கடிதத்தைக் கொடுத்தேன். வாசித்து, மடித்து, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு படத்தைக் காட்டினார்.

"இனிச் சொல்லுங்கோ. உதிலை என்ன பிழை?"

"பிழை ஒன்றும் இல்லை."

"நீங்கள் படிப்பிக்கிற ஆள். எனக்கு ஒருத்தரும் ஒரு நாளும் சொல்லித் தரேல்லை. நான் உங்களை மறிச்சு வைச்சுக் கேக்கிறன். உண்மையாய்ச் சொல்லுங்கோ."

அவர் கேட்டது மரியாதைக்காக அல்ல. அந்தப் படம் வந்த நாளிலிருந்து நானும் சிவபாதமும் அதில் திசையைப் பார்த்தோம், குற்றம் பார்த்தோம், பிறகு நியாயம் பார்த்தோம். படமாக யாரும் பார்க்கவில்லை. ஸ்டூலை அருகே இழுத்துப்போட்டேன்.

முன்னலைகளுக்கும் பின்னலைகளுக்கும் ஒரே அளவு செம்பு நிறம் போட்டிருக்கிறீர்கள், தூரம் குறைகிறது என்றேன். யோசித்து, "ஓம்" என்றார். புகை மிகவும் பாரம், கண் அங்கேயே நின்றுவிடுகிறது என்றேன். அதற்குத் தலையை ஆட்டினார். "கரைக்கு வாறவனுக்கு அதுதான் முதல் தெரியும். கண் அங்கைதான் நிக்கும்." அதை விட்டுக்கொடுக்கவே இல்லை. வள்ளத்தின் வளைவு மூலையிலிருந்து பார்வையை உள்ளே அழைத்துப் போகும் விதத்தைச் சொன்னபோது, "அதை நான் யோசிச்சுச் செய்யேல்லை" என்று வெட்கப்பட்டார். வெயில் ஏறியது. அந்தப் பயணத்தில் நான் எரிச்சலில்லாமல் இருந்த முதல் மணி நேரம் அது.

கரைக் கோட்டில், இரண்டு பனைகளுக்கு நடுவே, ஒரு சிறு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. இதுவரை தூசி என்றே நினைத்திருந்தேன். கிட்டப் பார்த்தால் பெயின்ட்.

"இது தூரிகை தவறி விழுந்ததா? இத்தனை இருட்டுக்குள் ஒரே ஒரு வெள்ளை. கண்ணைப் பறிக்கிறது. எடுத்துவிடலாம்."

அன்ரன் குசினிப் பக்கம் பார்த்துவிட்டு, "மெல்லக் கதையுங்கோ" என்றார்.

அதற்குள் அகப்பையோடு ரெஜினா வாசலுக்கு வந்துவிட்டாள். "என்னவாம்?"

"ஒண்டுமில்லை" என்றார் அன்ரன். "அந்த வெள்ளைப் புள்ளி வேண்டாமாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பதினொரு வருஷமாய் ஒவ்வொரு விடியப்புறமும் இவர் வரும்வரை நான் அந்த இடத்திலைதான் வெள்ளைச் சீலையோடை நிண்டனான். வேண்டாமோ?"

புள்ளி இருக்கட்டும் என்றேன்.